ஏரி எங்கே அண்ணாச்சி?

ஏலே பேராண்டி, வா, இப்படித் திண்ணையில உக்காரு. மெட்ராசுல வேலை கெடைச்சிட்டுன்னு உங்க அம்மை தெரு பூராவும் கடலைமிட்டாய் குடுத்துட்டா. சந்தோசம். சோழிங்கநல்லூர்ல ஆபீசாம். அதுவும் சந்தோசம். ஆனா மூணு நாளா அந்தப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு கட்டங்கட்டமா என்னத்தையோ ரொப்பிக்கிட்டே கெடக்கியே, அதென்னலன்னு கேட்டேன். எந்த ஏரியாவுல தங்கலாம்னு எக்செல் ஷீட் போடுதேன் தாத்தான்ன. காட்டுன்னேன். காட்டின.

பதினாலு ஏரியா. ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க்கு. ஜிம் இருக்கா, நீச்சல்குளம் இருக்கா, மொட்டைமாடியில காப்பிக் கடை இருக்கா, நாய் நடக்கத் தனிப்பாதை இருக்கா. ஏலே, ஒன்ட்ட நாயே கிடையாதே? கடைசிக் கட்டத்துல 'வைப்'னு ஒண்ணு. அதுக்கு மட்டும் ரெட்டை மார்க்கு. வைப்புன்னா எங்க காலத்துல வேற அர்த்தம்டே. திண்ணையில வச்சுப் பேசப்படாது.

எல்லாம் இருக்கு. குடிக்கத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒரு கட்டம் இருக்கா? மழைத்தண்ணி எங்கன போய் நிக்கும்னு ஒரு கட்டம் இருக்கா? அதுக்கு மார்க்கு கிடையாது. நாய்க்கு உண்டு.

நான் சொன்னா அது அந்தக் காலம்ப. சரி, அந்தக் காலத்தையே சொல்லுதேன், கேளு. பதினாறு வயசுல மஞ்சப்பையோட ரயிலேறி, மெட்ராசுல பொட்டலம் மடிக்கப் பழகி, கடைசியா மேற்கு மாம்பலத்துல சொந்தமா மளிகைக்கடை போட்டவன் நான். முப்பத்தோரு வருசம் அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால உக்காந்திருக்கேன். எந்த வீட்ல சண்டை, எந்த வீட்ல கடன், எந்த வீட்ல பொண்ணு பாக்க வாராவன்னு எனக்குத் தெரிஞ்ச பிறகுதான் அந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியும். கால் கிலோ ரவை வாங்குத வீட்ல திடீர்னு ஒரு கிலோ ரவையும் அரைக் கிலோ முந்திரிப்பருப்பும் போச்சுன்னா வேற என்ன அர்த்தம்?

அந்தக் கடைக்கு எப்படி இடம் பிடிச்சேன் தெரியுமா? மூணு நாள், தெருமுனையில ஒரு மதகுக் கட்டையில சும்மா உக்காந்திருந்தேன். விடியக்காலம் பால் வாங்க எத்தனை பேர் போறாவ? சாயங்காலம் மாம்பலம் ஸ்டேசன்லேருந்து எத்தனை பேர் நடந்து வாராவ? வெயில் எந்தச் சாரியில அடிக்கி? ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு பொம்பளைப்பிள்ளை தனியா நடந்து போறப்போ திரும்பித் திரும்பிப் பாக்காளா, நேராப் பாத்துப் போறாளா? இதான் என் எக்செல். ஒரு பீடிக்கட்டு செலவு.

ஒரு வாரங்கழிச்சு நல்ல மழை. குடையைப் பிடிச்சுக்கிட்டு திரும்பவும் போனேன். நான் பாத்து வச்சிருந்த கடைக்குப் பக்கத்துக் கடையில அரிசி மூட்டைக்கு அடியில மூணு வரி செங்கல் அடுக்கியிருந்தான். எதுக்கு வே இவ்வளவு ஒசரம்னு கேட்டேன். சிரிச்சான். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. நான் எதிர்சாரியில கடை எடுத்தேன். வாடகை ஐம்பது ரூவா கூடத்தான். ஆனா ஒரு மூட்டை அரிசி நனையல பாத்துக்கோ.

அந்த மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு உண்டு. ஏரியைப் பாத்த ரோடு. புதுசாக் குடிவந்த ஒரு பையன், ஒன்னை மாதிரிதான், காதுல ஒயரோட, 'ஏரி எங்கே அண்ணாச்சி'ன்னு கேட்டான். 'நீ நிக்கிற இடந்தாம்ப்பா'ன்னேன். அவன் காலைத் தூக்கிப் பாக்கான்! பொய்யில்லடே. நுங்கம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் ஊடால நீளமா ஒரு ஏரி கெடந்திருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல, 1920கள்ல, அதைத் தூத்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினாவ. இன்னைக்கு அங்கன கிரவுண்டு கோடிக்கணக்குல போகுது. வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரி கெடந்த பக்கந்தான். ஆனா அந்த ஏரிக்குத் தான் செத்துப்போன சேதி இன்னும் போய்ச் சேரல. ஐப்பசி கார்த்திகை வந்தா, தன் வீட்ல யாரு குடியிருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போகும். துரைசாமி சப்வேயில மழை பெஞ்ச மறுநா போய் நின்னு பாரு.

அதனால முதல்ல ஊர் பேரைப் பாரு. நம்ம ஆளுங்க பேரு வைக்கிறப்போ விளம்பரத்துக்கு வைக்கல. தாங்கல்னு முடிஞ்சா அங்கன தண்ணியைத் தாங்கி வச்சிருந்தாவன்னு அர்த்தம். பழவந்தாங்கல்னு ரயில்வே ஸ்டேசனே இருக்கு. மந்தைவெளின்னா மாடு மேஞ்ச வெளி. மேடுன்னு வந்தா, சரி, மேற்கொண்டு விசாரி. இப்ப வைக்கிற பேரைப் பாத்தா இத்தாலியில ஒரு ஊரு, ஸ்பெயின்ல ஒரு ஊரு. பள்ளத்துல கட்டிட்டு 'ஹைட்ஸ்'ங்கான். பனைமரம் நின்ன இடத்துல 'ஆலிவ்'ங்கான். பேர் பலகையிலேயே பொய் சொல்லுதவன் பத்திரத்துல எத்தனை சொல்லுவான்?

பள்ளிக்கரணைன்னு ஒன் ஷீட்டுல மூணாவதா இருக்கு. எட்டரை மார்க்கு வேற. ஏலே, அது சதுப்பு நிலம்டே. வேளச்சேரி, பெருங்குடி, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர்னு சுத்துவட்டாரத் தண்ணியெல்லாம் கடலுக்குப் போற வழியில கொஞ்சம் இருந்து இளைப்பாறுத இடம். பூநாரை வந்து ஒத்தைக்கால்ல நிக்கும். 2022ல ராம்சர் பட்டியல்ல சேத்து, இது உலகத்துக்கே வேண்டிய நிலம்னு சொல்லிட்டாவ. எங்கேருந்தோ வாரப் பறவைக்குத் தெரியுது, இது நிக்கிற இடம், படுக்கிற இடம் இல்லைன்னு. பி.இ. படிச்சவனுக்குத் தெரியல.

2015 டிசம்பர் 1ஆந் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. நம்ம கரிசக்காட்டுல ஒரு வருசத்துக்குப் பெய்யுத மழையில ஏழெட்டு மாசத்து மழையை ஒருநாள்ல கொட்டிட்டுன்னு வச்சுக்கோ. செம்பரம்பாக்கம் ஏரியைத் தொறந்தாவ. அடையாத்துல வெள்ளம் கரைபொரண்டு போச்சு. முடிச்சூர்ல படகு விட்டு ஆளை மீட்டாவ. பிறகு 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலு. வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் நாள் கணக்கா தண்ணி வடியல. அதுக்கு அடுத்த வருசம் அக்டோபர்ல நடந்ததுதான் வேடிக்கை. மழை வருதுன்னு சேதி சொன்னதும் வேளச்சேரிக்காரங்க ஓடிப்போய் காரையெல்லாம் மேம்பாலத்து மேல வரிசையா நிறுத்திட்டாவ. பல லட்ச ரூவா வீடு, பல லட்ச ரூவா காரு. கடைசியில அந்த வீட்டைவிட பாலம் பத்திரம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. வீட்டு விளம்பரத்துல இனி இதையும் போடலாம்: கார் நிறுத்த மேம்பாலம் பக்கத்தில்.

நான் ஒண்ணும் அங்கன போகாதேன்னு சொல்லல. வேளச்சேரியிலயே மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. ஒரு தெருவுல இடுப்பளவு நின்னா, அடுத்த தெருவுல செருப்பு நனையாது. அது எந்தத் தெருன்னு ஒன் போன் சொல்லாது. தெருமுனையில இஸ்திரி வண்டி நிக்கும். அந்த ஆளைக் கேளு. ரெண்டு சட்டையைக் குடு, தேய்ச்சு முடிக்கிறவரை நில்லு. 'அண்ணே, அன்னைக்குத் தண்ணி எதுவரை வந்துச்சு'ன்னு மட்டும் கேளு. அவரு பெட்டியைக் கீழ வச்சுட்டு, தொடையைத் தொட்டுக் காட்டுவாரா, நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாரா, அதுதான் மார்க்கு. பிறகு வீட்டுக்குள்ள போனா, புதுசாப் பெயிண்டு அடிச்ச சுவர்ல தரையிலேருந்து ஒரு முழத்துக்கு மட்டும் பொருக்குத் தட்டியிருக்கான்னு விரலால தடவிப் பாரு. கீழ் ப்ளக் பாயிண்டெல்லாம் நெஞ்சு ஒசரத்துக்கு மாத்தியிருக்கான்னு பாரு. வீட்டுக்காரர் குழந்தைங்க கைவைக்கும்னு மாத்தினோம்பாரு. தலையை ஆட்டிட்டு வந்துரு.

இன்னொரு கூத்து. கார்த்திகையில வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, வைகாசியில குழாயில காத்து. ரெண்டும் ஒரே வீட்லதான். 2019ல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் காஞ்சு வெடிச்சுப்போச்சு. ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி கொண்டாந்தாவ, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஓஎம்ஆர்ல இருக்குத கம்பெனிக்காரங்கள்ல சிலபேரு, ஆபீசுக்கு வராதீங்க, வீட்ல இருந்து வேலை பாருங்கன்னுட்டாவ. ஆபீஸ் கக்கூசுக்குத் தண்ணி இல்ல. வீட்ல மட்டும் எங்கேருந்து வரும்? அங்கன ரொம்பப் பேருக்கு லாரித் தண்ணிதான். அந்த லாரிக்கும் மெயின்டனன்சுன்னு ஒன் தலையிலதான் எழுதுவாவ. லாரியில வெலைக்கு வாங்கின தண்ணியை ரொப்பி, அதுக்கு நீலக் கலர்ல ஓடு பதிச்சு, நீச்சல்குளம்னு பேரு வச்சு, அதுக்கு நீ எட்டு மார்க்கு போடுத. நம்ம ஊர்க் கெணத்துல குதிக்கச் சொன்னா சளி பிடிக்கும்ப.

போட்டோவைப் பாத்தேன்னு சொல்லாத. போட்டோவுல நாத்தம் அடிக்காது. பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கம் காத்து எந்தத் திக்குல அடிக்குதுன்னு ஒன் மூக்குதான் சொல்லணும். கடலோரம்னாலும் அப்படித்தான். ஈஞ்சம்பாக்கம், நீலாங்கரைன்னா சொல்லச் சொகமாத்தான் இருக்கும். உப்புக்காத்துல ஒரே வருசத்துல வண்டிச் செயின் துருப்பிடிச்சுப் போகும், ஜன்னல் கம்பியும் போகும். அதுக்கு 'சீ பிரீஸ்'னு தனி வாடகை.

தூரத்துக்கு வருவோம். ஆபீசுக்கு அஞ்சு நிமிசம்னு போட்டிருக்கான். யாரோட அஞ்சு நிமிசம்? ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்சுல போறவனோட அஞ்சு நிமிசமா? திங்கக்கிழமை காலையில எட்டரைக்கு சோழிங்கநல்லூர் சிக்னல்ல போய் நின்னு பாரு. பழைய மகாபலிபுரம் ரோடுன்னு சொன்னா ஒனக்குக் கேவலம், ஓஎம்ஆர்னா கௌரவம். எப்படிச் சொன்னாலும் ரோடு நகராது. மெட்ரோ ரயிலுக்குத் தூண் நட்டுக்கிட்டு இருக்காவ. மாதவரத்துலேருந்து சிறுசேரிவரை வரப்போகுதாம். வரட்டும், நல்லதுதான். ஆனா வரப்போற ரயிலுக்கு இப்பவே வாடகையில டிக்கெட் வாங்கிருதாவ பாரு, அது எனக்குப் புரியமாட்டேங்கு. வீடு மெட்ரோ பக்கத்துலன்னா, எந்த மெட்ரோ, ஓடுதா தோண்டுதான்னு ஒரு வார்த்தை கேளு.

நான் சொல்லுத யோசனை சாதாரணமானது. ஒனக்குப் பிடிக்காது. முதல் ஆறு மாசம் ஆபீசுக்கு நடந்து போற தூரத்துல ஒரு சின்ன ரூம் எடு. காரப்பாக்கமோ சோழிங்கநல்லூரோ. ஜன்னலைத் தொறந்தா எதிர்ச் சுவரு தெரியும், தெரியட்டும். நீ பகல்ல இருக்கப்போறதும் இல்ல. ஞாயித்துக்கிழமைகள்ல பஸ்ல ஏறி ஒவ்வொரு ஏரியாவா சுத்து. ஒரு மழைக்காலத்தைப் பாத்துட்டுப் பிறகு மாறு. பொண்ணு முகத்தைப் பாக்காமத் தாலி கட்டுதியா? பிறகு ஏன் வீடியோ காலைப் பாத்து பதினோரு மாச அக்ரிமெண்டுல கையெழுத்துப் போடுத?

பழைய ரூம்மேட் பெசன்ட் நகர்ல இருக்கான், நான் மட்டும் காரப்பாக்கமான்னு கேக்க. அதான் நோய். மெட்ராசுல பாதி வாடகை வீட்டுக்கு, மீதி வாடகை விலாசத்துக்கு. கடையில உக்காந்து பாத்திருக்கேன்டே. விலாசத்துக்கு வாடகை குடுத்தவன்தான் மாசக் கடைசியில, அண்ணாச்சி, நோட்டுல எழுதிக்கோங்கம்பான். ஒன் ஷீட்டுல வடசென்னையே காணோமே, ஏன்? ராயபுரம்னா மூஞ்சியைச் சுளிக்க. 1856ல தென்னிந்தியாவுல முதல் பயணிகள் ரயில் பொறப்பட்டதே ராயபுரம் ஸ்டேசன்லேருந்துதான். ஒனக்கு ஆபீசு தூரம், அதனால வேண்டாம், அது நியாயம். சினிமாவுல பாத்தேன்னு வேண்டாங்கிறது நியாயமில்ல. சினிமாவுல நம்ம ஊரையும் அருவாளோடதான் காட்டுதான். ஒங்கிட்ட அருவா இருக்கா?

வீட்டுக்காரரு சமாச்சாரம் கொஞ்சம் இருக்கு. வாசல்ல போர்டு தொங்கும்: 'சைவம் மட்டும்.' சில இடத்துல 'பேச்சுலருக்கு இல்லை'ன்னு. கல்யாணம் ஆனாத்தான் மனுசன் யோக்கியன்னு அவங்களுக்கு யார் சொன்னாவளோ. எங்க தெருவுல அப்படி போர்டு மாட்டின ஒரு பெரியவர், ராத்திரி கடை அடைக்கிற நேரமாப் பாத்து வருவாரு. துணிப்பையை நீட்டுவாரு. கீழ ரெண்டு முட்டை, அதுக்கு மேல கால் கிலோ துவரம்பருப்பு, அதுக்கும் மேல கருவேப்பிலை. வைக்கிற வரிசையே எனக்குப் பாடம். முட்டை உடையக்கூடாதுன்னு ஒருநாள் பருப்பைக் கீழ வச்சுட்டேன், பதறிட்டாரு மனுசன்! கடைசிவரைக்கும் நான் யார்ட்டயும் மூச்சு விடல. இப்ப ஒன்ட்டதான் சொல்லுதேன். அந்தப் போர்டு முட்டைக்காகத் தொங்கல பேராண்டி. சொந்த ஊர் எது, குலதெய்வம் எதுன்னு அடுத்த கேள்வி வரும் பாரு, அதுக்காகத்தான். நேராக் கேக்க வெக்கம், கேக்காம இருக்க மனசில்ல. அப்படிக் கேக்குத வீட்ல நெய்ச்சோறே போட்டாலும் தங்காதே.

அட்வான்ஸ் பத்து மாசம்பான். 2017ல ஒரு சட்டம் போட்டு, 2019ல நடைமுறைக்குக் கொண்டாந்தாவ. மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கப்படாது. நல்ல சட்டம். ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வேற மாதிரி எழுதிக்கிட்டா தவிரன்னு ஒரு சந்து விட்டுட்டாவ. சந்து இருந்தா மெட்ராசுக்காரன் அதுலயும் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டுருவான். எழுதுததுக்கு முந்தி வாசிச்சுப் பாரு. கரண்டுக்கும் அப்படித்தான். அரசாங்கம் ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட்டு இலவசமாக் குடுக்கு. வீட்டுக்காரர் தனி மீட்டர் ஒண்ணை மாட்டி, முதல் யூனிட்டுலேருந்தே ஒரே ரேட்டு வாங்குவாரு. காலி பண்ணுதப்போ பெயிண்டுக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிடுவாரு. சுவர்ல நீ ஆணிகூட அடிச்சிருக்க மாட்ட. வாதாடாம போகவும் வேண்டாம், கோர்ட்டுக்கு ஓடவும் வேண்டாம். குடியேறுத அன்னைக்கே மூலைமூலையாப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிரு. இந்த ஒரு விசயத்துக்கு ஒன் போன் உதவும்.

நீ போடாத கட்டம் இன்னொண்ணு இருக்கு. ஊருக்கு எப்படி வாரது? தீபாவளி வரும், பொங்கல் வரும், அம்மன் கொடை வரும். உங்க அம்மைக்கு மேலுக்கு முடியலைன்னு நடுச்சாமத்துல போன் வரும். தெக்க வாரப் பஸ்ஸெல்லாம் 2023 டிசம்பர் கடைசியிலேருந்து ஒண்ணொண்ணா கிளாம்பாக்கத்துக்குப் போயிட்டு. கோயம்பேட்டை நெனைச்சு வீடு பாத்தவன் இப்ப பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் விட்டு ஊர் போறான். நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்துல நின்னுதான் போகும். அதனால வண்டியை விட்டு எறங்கினா எத்தனை பஸ் மாறணும், கடைசிப் பஸ் எத்தனை மணிக்குன்னு பாரு. ஜிம்முக்கு எத்தனை நிமிசம்னு பாக்குதியே, ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிசம்னு பாத்தியா? இருபத்திமூணு வயசுல அது தோணாது. எனக்கும் தோணல.

போதும், சவத்தை விடு. அந்தப் பெட்டியை மூடு. நாளைக்கு வண்டி ஏறு, ஒரு வாரம் சிநேகிதன் ரூம்ல தங்கிப் பாரு. வீடு ஒண்ணு மனசுக்குப் பிடிச்சிருக்குன்னு வச்சுக்கோ, புரோக்கர்ட்ட துட்டைக் குடுத்துராத. அந்தத் தெருவுல கட்டாயம் ஒரு அண்ணாச்சி கடை இருக்கும். உள்ள போய் ஒரு சோடா வாங்கிக் குடி. போனை அவரு கையில குடு. அவரு எந்த ஊருன்னு விசாரிச்சுட்டு மிச்சத்தை நான் பேசிக்கிடுதேன். என்னல சிரிக்க? ஆமா, நானும் எந்த ஊருன்னுதான் கேப்பேன். போய்ப் பெட்டியைக் கட்டு.